நானூற்றுப் பன்னிரண்டில் இரண்டு பேர்

சோமு உங்ககிட்ட என்ன சொன்னார்னு மொதல்ல சொல்லுங்க சார். "சங்கரலிங்கத்தைப் போய்ப் பாருங்க, ரெண்டு பேர் ரூமுல மூணு பேரைத் தங்க வச்சு ஊரெல்லாம் சுத்திட்டு வந்த ஆளு"ன்னுதானே? சொல்லியிருப்பார். காலையில வாக்கிங் போறப்ப நான்தான் அவர்கிட்ட பீத்திக்கிட்டேன். உக்காருங்க. ஃபேன் போடட்டுமா? தமயந்தி, சாருக்கு ஒரு காப்பி. சக்கரை போடலாம்ல உங்களுக்கு?

ஓட்டல் லிஸ்ட் இருக்கு சார், தர்றேன். வியன்னாவுல ஒண்ணு, பிராகுல ஒண்ணு. ரெண்டும் ரயிலடிக்குப் பக்கம், ரெண்டும் சுத்தம், ரெண்டும் நம்ம கைக்கு அடக்கமான இடம். பெருசா எதிர்பாக்காதீங்க. வியன்னா ரூம் எப்படின்னா, கட்டிலைச் சுத்தி நடக்கணும்னா பெட்டியைத் தூக்கிக் கட்டில் மேல வச்சுட்டு நடக்கணும். வெந்நீர் வைக்கக் கெட்டில் கிடையாது, நீங்களே கொண்டு போயிருங்க. பாத்ரூம்ல மக்கு கிடையாது, அதுக்கு ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணு காலியா வச்சுக்கிடுங்க, வேற வழியில்ல. ஒரே கட்டில் மாதிரி தெரியும், கிட்டப் போய்ப் பாத்தா ரெண்டு கட்டிலை ஒட்டிப் போட்டிருப்பான். போர்வையும் ஆளுக்கு ஒண்ணு. புருசன் பொண்டாட்டி போர்வைக்குச் சண்டை போடக்கூடாதுன்னு நெனச்சான் போல. நல்ல ஏற்பாடுதான்.

நீங்க, வீட்டுக்காரம்மா, அப்புறம்? மாமியாரா? எழுபத்தொண்ணா? நல்லா நடப்பாங்களா?

சரி. ரெண்டு பேருக்கு ரூம் போட்டுட்டு அவங்களை உள்ள கூட்டிட்டுப் போறது எப்படின்னுதான கேக்க வந்தீங்க. ஒண்ணும் கஷ்டம் இல்ல சார். முடியும். நான் பண்ணியிருக்கேன்.

நம்ம ஊருல இதெல்லாம் ஒரு விஷயமா சார்? திருச்செந்தூர்ல டபுள் ரூம் ஒண்ணு போட்டு எட்டுப் பேர் படுத்திருக்கோம். லாட்ஜ்காரனே "பாய் எத்தன வேணும்"னு கேப்பான். அந்தப் பழக்கம்தான். குடுக்க முடியாம இல்ல, அதை மனசுல வச்சுக்கிடுங்க. எனக்குப் பென்ஷன் வருது. பையன் மியூனிக்ல நல்ல வேலையில இருக்கான். நெல்லையப்பன்னு பேர் வச்சோம், அங்க அவனை நெல்லு நெல்லுன்னு கூப்பிடுறானுங்க. அவன்தான் விசா, டிக்கெட் எல்லாம் எடுத்து எங்க மூணு பேரையும் கூட்டிக்கிட்டான். நான், தமயந்தி, எங்க அக்கா செண்பகம். ஒரு மாசம் அவன் வீட்டுல இருந்தோம். நடுவுல நாலு நாள் அவனுக்கு லீவு கிடைக்கல. "அப்பா, நீங்க மூணு பேரும் ரயில்ல வியன்னா, பிராக் பாத்துட்டு வாங்க, ஓட்டல் நான் போட்டுடறேன்"னான். நான்தான், "நீ வேலையப் பாருடா, ஓட்டல் போடத் தெரியாதா எனக்கு"ன்னு போனை வாங்கினேன்.

மூணு பேர்னு போட்டா பெரிய ரூமா காட்டுது. ரெண்டு பேர்னு போட்டா கூட்டமா நூறு ரூம் வருது. ஒரு அமுக்கு. ரெண்டுன்னு அமுக்கினேன். அவ்வளவுதான் சார் நடந்தது.

நான் என்ன வேலை பாத்தேன்னு சோமு சொன்னாரா? போக்குவரத்துக் கழகத்துல செக்கிங் இன்ஸ்பெக்டர். முப்பத்திரண்டு வருஷம். கடைசிப் பதினாறு வருஷம் செக்கிங்தான். வண்டியில ஏறுன உடனே, கண்டக்டர் பையைத் தொடுறதுக்கு முன்னாடியே, தலை எத்தனைன்னு சொல்லிருவேன். ஒரு தடவை கல்லுப்பட்டி ரூட்டுல கல்யாணக் கூட்டம். இருபத்தி நாலு டிக்கெட்டு வச்சிருக்காங்க. என் கணக்குல இருபத்தஞ்சு தலை. மூணு தடவை எண்ணினேன். கடைசியில பாத்தா, பொம்பளைங்க நடுவுல கீழ ஒரு வயசான அம்மாவை உக்கார வச்சு மேல பட்டுச்சேலை மூட்டையை வச்சிருக்காங்க. இறக்கி விட்டுட்டேன். பங்குனி வெயிலு. எல்லாரும் கெஞ்சுனாங்க, நான் கேக்கல. ரூல்னா ரூல்தான். எதுக்குச் சொல்றேன்னா, இத்தனை பேரைப் பிடிச்சவனுக்கு எப்படித் தப்பிக்கிறதுன்னு தெரியாதா? மாட்டுறவன் எல்லாம் மூஞ்சியிலதான் மாட்டுவான். அதனால அக்காவுக்கு மொதல்ல மூஞ்சியைப் பழக்கினேன்.

எங்க அக்காவைப் பத்திச் சொல்லணும். என்னைவிட ஆறு வயசு மூத்தவ. தென்காசியில சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டையர் ஆனவ. அத்தான் தவறிப் பதினோரு வருஷம் ஆச்சு, பிள்ளைங்க கிடையாது. ஒரு சொல் சொன்னா அதை அப்படியே செய்வா. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டா. பாஸ்போர்ட் எடுக்கவே அவளுக்கு விருப்பம் இல்ல, "நான் வந்து அங்க என்னத்தப் பாக்கப் போறேம்ல"ன்னா. நான்தான் வம்பா கூட்டிட்டுப் போனேன். நான்தான் கூட்டிட்டுப் போனேன், அதையும் கணக்குல சேத்துக்கிடுங்க சார்.

வியன்னாவுல எப்படிப் பண்ணினோம்னா, நானும் தமயந்தியும் பெட்டியோட முன்னாடி போய்ச் சாவி வாங்கிட்டோம். அக்கா கையில ஒரு பை மட்டும். அஞ்சு நிமிஷம் கழிச்சு வரணும். போனைக் காதுல வச்சுக்கிட்டு, ரிசப்ஷன் பக்கம் திரும்பாம, நேரா நாங்க காத்துக்கிட்டு நிக்கிற லிஃப்டுக்கு. போன் பேசிக்கிட்டு வர்ற ஆளை எவனும் நிறுத்த மாட்டான் சார், இது அனுபவம். அக்காவுக்கோ சும்மா காதுல வச்சுக்கிட்டு வரத் தெரியல. நெசமாவே பேசிக்கிட்டு வந்தா. "ஏட்டி, பால்காரன் வந்தானா? பாத்திரத்தைக் கழுவி வச்சியா?"ன்னு சத்தமா. மறுமுனையில யாருமே இல்ல. லிஃப்டுக்குள்ள ஏறி நாங்க மூணு பேரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே. அவளும் சிரிச்சா. அவளும் சிரிச்சாளா இல்லையான்னு தமயந்தியைக் கேட்டுப் பாருங்க.

ராத்திரி தரையில படுத்தா. நான் சொல்லல சார். "எனக்குத் தரையிலதான் தூக்கம் வரும்"னு அவளாச் சொன்னா. அவளாச் சொன்னா, நானும் சரின்னுட்டேன்.

பிராக் ஓட்டல் இதைவிடப் பெருசு. நாலாவது மாடி, ரூம் நம்பர் நானூத்திப் பன்னெண்டு. அங்க என்ன சங்கடம்னா, லிஃப்ட் நகரணும்னா ரூம் கார்டைக் காட்டணும். ரெண்டே கார்டுதான். சரி, நான் கீழ போய்க் கூட்டிட்டு வர்றேன், அது வரைக்கும் எதிர்ல டிராம் நிக்கிற இடத்துல பெஞ்சுல உக்காருன்னு சொல்லிட்டேன். ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு, நல்ல உசரம், சிரிச்ச முகம். இந்தியாவான்னு கேட்டு, எங்க பாக்கணும், எங்க சாப்பிடணும்னு மேப்பை விரிச்சு வட்டம் போட்டு வட்டம் போட்டுக் காட்டுது. நல்ல பொண்ணு. அது விடவே மாட்டேங்குது. அப்புறம் ரூமுக்குப் போயி, தமயந்தி முகம் கழுவி, நான் திரும்பக் கீழ வர்றதுக்கு முக்கால் மணி நேரம் ஆயிருச்சு. சித்திரை மாசம்தான், ஆனா அங்க நம்ம ஊட்டியைவிடக் குளிரு. அக்கா, என் பையனோட கோட்டைச் சேலைக்கு மேல போட்டுக்கிட்டு, பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ஒவ்வொரு டிராமும் நின்னு நின்னு, ஏறப் போறான்னு கதவைத் திறந்து திறந்து மூடியிருக்கான். "அவனுகளுக்குத்தான் சங்கடம்ல"ன்னா.

ரூமைப் பெருக்க வர்றவங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதுல்ல? அதுக்கும் பழக்கினேன். ஓட்டல் துண்டு ரெண்டுதான், அதை நீ தொடாதே, உன் துண்டை எடுத்துக்கோ. பல் தேச்ச பிரஷ்ஷைப் பைக்குள்ள போட்டுரு. குளிச்சா தரையைத் துடைச்சுரு. அக்கா என்ன பண்ணுவா தெரியுமா, வாஷ் பேசின்ல விழுந்த அவ முடியை ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கி ஒரு காகிதத்துல மடிச்சு எடுத்துக்கிடுவா. நரைச்ச முடி நம்மளது இல்லன்னு தெரிஞ்சிரும்ல, அதுக்கு. தமயந்தி டை அடிக்கிறவ, நானோ வழுக்கை. இதை நான் சொல்லிக் குடுக்கல சார், அவளே யோசிச்சது. நான்கூட, "சபாஷ்க்கா, நீ செக்கிங்குக்கு வந்திருக்கணும்"னேன்.

காலைச் சாப்பாடு ரூமோட சேத்து, ரெண்டு பேருக்கு. நாங்க கீழ போய்ச் சாப்பிட்டுட்டு, வரும்போது தமயந்தி ரெண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம், வெண்ணெய் டப்பா ஒண்ணு காகிதத்துல சுத்தி ஹேண்ட்பேக்ல போட்டுக்கிட்டு வருவா. அதுதான் அக்காவுக்கு. போதும் போதும்னு சொல்லுவா. எப்பவுமே குறைவாச் சாப்பிடுற உடம்புதான் அது.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுத்தான் போவேன். "யார் தட்டினாலும் திறக்காதே. என்ன சத்தம் கேட்டாலும் வெளிய வராதே. நான் வந்து மூணு தடவை தட்டுவேன், அப்பத்தான் கதவுப் பக்கமே வரணும்." ரெண்டாவது நாள் காலையிலயும் அதைத்தான் சொல்லிட்டுப் போனேன்.

காலையில எட்டு மணி இருக்கும். நான் தட்டுல முட்டை எடுத்து வைக்கிறேன், மணி அடிக்க ஆரம்பிச்சிருச்சு. சாதாரண மணியில்ல சார். காதுக்குள்ள ஊசி விடுற மாதிரி. மேல சிவப்பு லைட்டு சுத்துது. யாரும் கத்தல, ஓடல. தட்டை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சு வரிசையா வெளிய போறாங்க. நாங்களும் போனோம். எதிர்ல அதே டிராம் நிக்கிற இடம். அங்க ஒரு அறுபது எழுபது பேர் கூடிட்டோம். சில பேர் பாத்ரூம் துண்டோட நிக்கிறான்.

அந்த ரிசப்ஷன் பொண்ணு மஞ்சள் சட்டை ஒண்ணை மாட்டிக்கிட்டு, அட்டையில லிஸ்டை வச்சுக்கிட்டு, ரூம் ரூமாக் கூப்பிடுது. என்ன அழகா எண்ணிச்சு தெரியுமா சார். ஒரு ஆளைப் பாக்கும், லிஸ்டைப் பாக்கும், டிக் அடிக்கும். எனக்கு அந்த நேரத்துலயும் அதை ரசிக்கத் தோணிச்சு. தொழில் புத்தி. எங்ககிட்ட வந்துச்சு. "ஃபோர் ட்வெல்வ், டூ பெர்சன்ஸ்?"னு கேட்டுச்சு.

நான், "யெஸ், டூ"ன்னேன்.

டிக் அடிச்சுட்டு அடுத்த ஆள்கிட்டப் போயிருச்சு.

இல்ல சார், கேளுங்க. அந்த இடத்துல என்ன செய்ய முடியும்? இப்பப் போய் மேல இன்னொரு ஆள் இருக்குன்னா, யாரு, எப்ப வந்தாங்க, பாஸ்போர்ட் எங்கன்னு கேப்பாங்க. போலீசுக்குப் போகும். எங்களுக்கு விசாவுக்குக் கையெழுத்துப் போட்டவன் பையன். அவன் வேலை, அவன் அங்க இருக்குறதுக்கு வாங்குன பெர்மிட்டு, எல்லாத்துக்கும் வம்பாப் போயிட்டா? பையன் நெனப்புதான் எனக்கு. அந்த மாதிரி மணி எல்லாம் அங்க அடிக்கடி அடிக்குமாம், ஒண்ணும் இருக்காதாம். பையனே பின்னால சொன்னான். அக்கா இருந்த ரூம் வேற பின்பக்கம், சந்துப் பக்கம் பாத்தது. அவளுக்குத் தெருவுல நடக்குறதே தெரியாது. போர்வையை இழுத்துப் போத்திப் படுத்திருப்பான்னு நெனச்சேன்.

வந்துட்டா. காப்பி எடுத்துக்கிடுங்க சார். தமயந்தி, அந்த ஸ்டூலை இப்படி...

கேட்டீங்களா. "ரூம் தெருப்பக்கம்தானே இருந்துச்சு"ங்கிறா. டம்ளரை வச்சுட்டு அதைச் சொல்லிட்டு உள்ள போறா பாருங்க.

ஆமா சார். தெருப்பக்கம்தான்.

காப்பி ஆறிரும், குடிங்க.

தமயந்தி அங்க வச்சே சொன்னா. "ஏங்க, மதினி மேல இருக்காங்க, சொல்லுங்க"ன்னா. "பேசாம இரு"ன்னேன். ரெண்டு எட்டு எடுத்து வச்சா அந்தப் பொண்ணுகிட்டப் போறதுக்கு. கையைப் பிடிச்சு நிறுத்தினேன். கொஞ்சம் அழுத்தித்தான் பிடிச்சிட்டேன், வளையல் பதிஞ்சு ரெண்டு நாள் இருந்துச்சு.

தீயணைப்பு வண்டி வந்துச்சு. நாலு பேர் குதிச்சு இறங்கினாங்க. ஒருத்தன் அந்தப் பொண்ணுகிட்ட என்னமோ கேட்டான், அது லிஸ்டைக் காட்டித் தலையை ஆட்டுச்சு. எல்லாரும் வெளிய வந்தாச்சுன்னு சொல்லியிருக்கும். பாஷை தெரியலன்னாலும் அது தெரியும். சார், அந்தப் பொண்ணு பொய் சொல்லல. நான் சொன்னதைத்தான் சொல்லிச்சு. என்னை நம்பி அவன்கிட்டச் சொல்லிச்சு.

அப்பத்தான் மேல பாத்தேன். நாலாவது மாடியில ஜன்னல் திரை விலகுது. அக்கா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறா. கோட்டுப் போட்டிருக்கா, பை தோள்ல இருக்கு. கிளம்பித் தயாரா நிக்கிறா சார். அத்தனை கூட்டத்துல என்னைத் தேடிக் கண்டுபிடிச்சிட்டா. கண்டுபிடிச்சதும், கையை இப்படி வச்சு, வரவான்னு கேட்டா. சத்தம் ஒண்ணும் கேக்காது, கையாலதான். வரவா?

நான் இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. சோமுகிட்டச் சொன்னதெல்லாம் போன் பேசுன கதை, லிஃப்ட் கதை, முடி பொறுக்குன கதை. இதைச் சொன்னதில்ல.

பஸ்ஸுல படிக்கட்டுல தொங்குறவனைப் பாத்து நாங்க ஒரு கை காட்டுவோம். உள்ள போ, உள்ள போன்னு. இப்படி. வருஷக்கணக்கா காட்டின கை, அதுவாப் போயிருச்சுன்னு கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். இல்ல சார். யோசிச்சுத்தான் காட்டினேன். தீயணைப்புக்காரன் ஒருத்தன் அண்ணாந்து ஜன்னல் ஜன்னலாப் பாத்துக்கிட்டு வர்றான். மூணாவது மாடி முடிச்சு நாலாவதுக்கு வரப் போறான். அதைப் பாத்துட்டுத்தான், அவன் கண்ணு அங்க வர்றதுக்கு முன்னாடி, நெஞ்சுக்கு நேரா கையை வச்சு, உள்ள போன்னு காட்டினேன்.

அக்கா தலையை ஆட்டினா. சரின்னு. திரையை இழுத்து மூடிட்டா.

எனக்கு அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு சார். கேவலமா இருக்குல்ல? அப்பாடான்னுதான் இருந்துச்சு. அவன் நாலாவது மாடியைப் பாத்தான், எல்லா ஜன்னலும் மூடியிருந்துச்சு, அடுத்ததுக்குப் போயிட்டான்.

இருபத்திரண்டு நிமிஷம். கையில வாட்ச் இருந்துச்சு, பாத்துக்கிட்டேதான் நின்னேன். புகை வருதான்னு பாத்தேன். புகை வந்தா ஓடியிருப்பேன். புகை வந்திருந்தா ஓடியிருப்பேன் சார், அதுல சந்தேகமே இல்ல. தமயந்திகிட்ட ஒரு நாள் இதைச் சொன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. இன்னொரு தண்ணி ஊத்திக் களைஞ்சா.

கடைசியில ஒண்ணுமே இல்ல. ரொட்டி வாட்டுற மெஷின்ல எவனோ ஒருத்தன் ஒரே ரொட்டியை ரெண்டு தடவை விட்டிருக்கான், கருகிப் புகைஞ்சிருக்கு. அந்தப் பொண்ணு எல்லார்கிட்டயும் ஸாரி ஸாரின்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். உள்ள போறப்ப ஆளுக்கு ஒரு சாக்லெட் குடுத்துச்சு. எங்களுக்கு ரெண்டு.

லிஃப்டை நிறுத்தி வச்சிருந்தான். நாலு மாடி ஏறினேன். மூணு தடவை தட்டணும்ல, மறந்துட்டேன், கார்டை வச்சுக் கதவைத் தள்ளினா தள்ள முடியல. கீழ என்னமோ அடைக்குது. உள்ளயிருந்து அக்கா இழுத்து எடுத்தா, அப்புறம்தான் திறந்துச்சு. கதவுக்குக் கீழ இருக்குற இடுக்குல துணியை நனைச்சு அடைச்சு வச்சிருக்கா. புகை உள்ள வராம. சத்துணவுக் கூடத்துல தீத்தடுப்பு டிரெய்னிங் குடுத்திருக்காங்களாம், அதுல சொன்னதாம். நனைச்சது அவ துண்டு, அவ மாத்துச் சேலை ஒண்ணு, அப்புறம் உள்பாவாடை. பாத்ரூமுக்குள்ள கம்பியில ஓட்டல் துண்டு ரெண்டும் காய்ஞ்சபடியே தொங்குது. பெரிய துண்டு சார், போர்வை கணக்கா இருக்கும். அதைத் தொடல. தொடாதேன்னு நான் சொல்லியிருந்தேன்ல.

அப்ப அவ என்ன நெனச்சிருக்கா? நெசமாவே தீன்னு நெனச்சிருக்கா. நெசமாவே தீன்னு நெனச்சுக்கிட்டுத்தான், நான் உள்ள போன்னு கை காட்டினதும் சரின்னு தலையாட்டியிருக்கா.

"முடிஞ்சுதால? இனி வெளிய வரலாமா?"ன்னு கேட்டா. "வரலாம்க்கா, ரொட்டி கருகிருச்சாம்"னேன். "அம்புட்டுத்தானா"ன்னுட்டு ஈரச்சேலையைப் பிழியப் போயிட்டா. தமயந்தி பின்னாலயே வந்து அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அக்கா, "நீ எதுக்குட்டி அழுத, பயந்துட்டியா"ன்னு அவளைத் தேத்துறா. நான் சாக்லெட்டை எடுத்து மேசை மேல வச்சேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல.

அன்னிக்கே பாலத்துக்குப் போனோம், போட்டோ எடுத்தோம். இந்தா பாருங்க, இதுதான் அக்கா. நல்லாச் சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கா? கோபம் இருக்குற மாதிரியா இருக்கு? அன்னிக்கு ராத்திரி "கட்டில்ல படுக்கா, நான் கீழ படுக்கேன்"னேன். "இப்ப என்னல புதுசா"ன்னா. அவ கீழதான் படுத்தா. மறுநாள் மியூனிக், அதுக்கு அடுத்த வாரம் ஊரு. அதைப் பத்தி அவ ஒரு வார்த்தை பேசல, நானும் எடுக்கல. மறந்திருப்பான்னு நெனச்சேன்.

ஆவணியில தென்காசியில சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. சொந்தக்காரங்க எல்லாம் பந்தி முடிஞ்சு உக்காந்திருக்காங்க. அக்காவைச் சுத்தி ஒரு கூட்டம். யூரோப்புக் கதை கேக்குறாங்க. நான் தள்ளி வெத்தலை மடிச்சுக்கிட்டு இருக்கேன். அக்கா சொல்றா, "ஓட்டல்ல தீப்பிடிச்சிட்டு. மணின்னா மணி, காது கிழியுது. நான் நாலாவது மாடியில ஒத்தையில கெடக்கேன். எல்லாரும் கீழ ஓடிட்டான். எந்தம்பி மட்டும் அம்புட்டுக் கூட்டத்தையும் தள்ளிக்கிட்டு மேல ஏறி வாரான். போலீசு பிடிக்கான், நிக்கல. மூச்சு வாங்குது அவனுக்கு. 'யக்கா, கையப் பிடிச்சுக்கோ'ன்னான். கையப் பிடிச்சிட்டுத்தான் இறங்கினேன். அவன் இல்லன்னா நான் இன்னைக்கு இல்ல."

எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. சித்தப்பா எந்திரிச்சு வந்து முதுகுல தட்டினார். "அக்கா தம்பின்னா இப்படி இருக்கணும்டே"ன்னார். அவர் பையன், "நாலு மாடியாண்ணே? இந்த வயசுலயா?"ன்னான். தமயந்தி அந்த இடத்தைவிட்டு எந்திரிச்சுப் போனதைப் பாத்தேன்.

நான், "ஆமா, நாலு மாடி"ன்னேன்.

ஆமான்னுட்டேன் சார். மறுபடியும். பாத்துக்கிடுங்க.

சாயங்காலம் எல்லாரும் கிளம்புன பிறகு, பின்கட்டுல அக்கா மீதிப் பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக்கிட்டு இருந்தா. யாரும் இல்ல. கிட்டப் போய் நின்னேன். கேக்கணும்னுதான் நெனச்சேன், மன்னிப்புக் கேக்கணும்னு. ஆனா வாயில வந்தது வேற. "ஏங்க்கா அப்படிச் சொன்ன? நான் அப்படி வரலியே"ன்னேன்.

அக்கா கட்டிக்கிட்டு இருந்த பொட்டலத்தைக் கீழ வச்சா. "பொறவு என்னத்தச் சொல்லணும்ல?"ன்னு கேட்டா.

கோபமாக் கேட்டிருந்தா பரவாயில்ல சார். குத்திக் காட்டியிருந்தாக்கூட அழுது கால்ல விழுந்திருப்பேன். அவ அப்படிக் கேக்கல. ஏதோ தப்பாச் சொல்லிட்டோமோன்னு பயந்த மாதிரி கேட்டா. நான் என்ன சொல்லச் சொல்றேனோ அதை இனிமே அப்படியே சொல்லிருவோம்னு, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா.